ஷாகிதாவின் இரண்டாவது புகார்

ஷாகிதா சம்பளம் வாங்குவதே திட்டு வாங்குவதற்குத்தான். மண்ணூர்பேட்டையில், தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில், குடிநீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கிற கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு இருக்கிறது. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, "வணக்கம், ஷாகிதா பேசறேன், உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்று அவள் கேட்டதும், மறுமுனையில் இருப்பவர் அவள் குடும்பத்தையே இழுத்து வைத்துப் பேசத் தொடங்குவார். பூந்தமல்லியிலிருந்து பஸ் பிடித்து வந்து, நாள் முழுக்க ஊரார் கோபத்தைக் காதில் வாங்கி, மறுபடி பஸ் பிடித்துப் போய்ச் சோறு வடிக்கிற பிழைப்பு.

அந்த வேலையில் அவளுக்கு ஒன்று பிடிபட்டிருந்தது. கத்துகிறவரைச் சமாளிப்பது சுலபம். "உங்க கம்பெனியே பிராடு" என்பவருக்கு, "தங்கள் மனவருத்தத்தைப் புரிந்துகொள்கிறோம்" என்று ஒரு மெசேஜ் தட்டிவிட்டுப் புகாரை மூடிவிடலாம். குரலே உயர்த்தாமல், "மாட்டின தேதி இது, பில் இது, ஒழுகுற போட்டோ இது, மாத்திக் குடுங்க" என்கிற மனிதர்தான் ஆபத்தானவர். அவர் புகாரை மூட முடியாது. அது மேனேஜர் மேஜைக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். இவ்வளவு தெரிந்தவள், தனக்கே ஒரு புகார் எழுத வேண்டி வந்தபோது முதலில் கத்தத்தான் செய்தாள்.

அவள் கணவன் மஸூத் எம்.காம். படித்தவன். எழுதாத பரீட்சை இல்லை. கடைசியில் நீதிமன்றத்தில் அலுவலக உதவியாளர் வேலை கிடைத்தது. எம்.காம். படித்துவிட்டு ஏவலாள் வேலையா என்று தெருவில் ஒருவரும் கேட்கவில்லை. அரசாங்க வேலை என்றால் அரசாங்க வேலைதான். பிரியாணி போட்டார்கள். அதுவரை மஸூத்தைக் கண்டால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டவர்கள் எல்லாம், "நம்ம கேஸ் ஒண்ணு அங்க நடக்குது மாமே, கொஞ்சம் பார்த்துக்கோ" என்று தோளில் கை போட்டார்கள்.

எந்த நீதிமன்றம் என்று நான் சொல்லப் போவதில்லை. அங்கே இருந்த நீதிபதியின் பெயரும் நமக்கு வேண்டாம். ஊழியர்கள், வக்கீல்கள், வாசலில் டீ விற்பவர் என எல்லோரும் அவரை ஐயா என்றே சொன்னார்கள். நாமும் மரியாதை குறையாமல் அப்படியே சொல்வோம்.

ஐயா அப்போது வீடு கட்டிக்கொண்டிருந்தார். குத்தம்பாக்கத்தில் புது பஸ் நிலையம் வருகிறது என்றதும் சுற்றுவட்டாரத்தில் மனை வாங்கிப்போட்ட தீர்க்கதரிசிகளில் அவரும் ஒருவர். வீடு கட்டுகிறவர்களுக்குத் தெரியும், சிமெண்ட் பூசினால் மட்டும் போதாது, நாளுக்கு மூன்று வேளை தண்ணீர் ஊற்றி ஊற வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சுவர் வெடித்துவிடும். அதற்குத் தனியாக ஆள் வைக்க வேண்டும். ஐயாவுக்குத்தான் அரசாங்கமே ஆள் கொடுத்திருக்கிறதே.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வாரமே மஸூத் குத்தம்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டான். அவன் நீதிமன்றத்தில் இருப்பதாக வருகைப் பதிவேட்டில் தினமும் பதிவாகிக்கொண்டிருந்தது. அவனோ கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு, நீல ரப்பர் டியூப்பைக் கையில் பிடித்தபடி, ஐயாவின் கிழக்குச் சுவர், மேற்குச் சுவர், சன்ஷேடு என்று வலம் வந்துகொண்டிருந்தான். இந்தப் புண்ணியக் காரியத்தை அவன் வீட்டில் சொல்லவில்லை. துணியெல்லாம் சிமெண்டாக இருக்கிறதே என்று ஷாகிதா கேட்டதற்கு, "கோர்ட்டுல ரிப்பேர் வேலை நடக்குது, ஒரே தூசி" என்றான். பிரியாணி தின்ற தெரு ஆயிற்றே.

ஐயா ஆதாரம் இல்லாமல் எதையும் ஏற்பவர் இல்லை. "ஊத்திட்டேன்னு வாயால சொன்னா நான் எப்படிப்பா நம்புறது?" என்றவர், எடுக்கிற படத்திலேயே இடமும் தேதியும் நேரமும் விழுகிற கேமரா செயலி ஒன்றை மஸூத்தின் போனில் தாமே இறக்கிக் கொடுத்தார். மூன்று வேளையும் அதில் ஈரச் சுவரைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். ஐயா பார்த்துவிட்டுத் தீர்ப்பு வழங்குவார். "மேற்கு சன்ஷேடு காய்ந்து கிடக்கிறது." "படிக்கட்டு விட்டுப்போயிற்று." இந்தத் தீர்ப்புகள் பெரும்பாலும் வேலை நாளின் முற்பகலில், நீதிமன்றம் நடந்துகொண்டிருக்கும்போது வந்தன. கூண்டில் நின்ற சாட்சி, ஐயா தன் வாக்குமூலத்தைத்தான் இவ்வளவு கவனமாகக் குனிந்து குறித்துக்கொள்கிறார் என்று நினைத்திருக்கக்கூடும்.

ஒரு நாள் மாடிச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றும்போது சாரப் பலகை வழுக்கியது. மஸூத் கீழே இருந்த ஜல்லிக் குவியல் மேல் விழுந்தான். ஷாகிதா ஒரு வாடிக்கையாளரிடம் மனவருத்தம் தெரிவித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய சொந்தப் போன் அடித்தது.

"யம்மா, நான் மேஸ்திரி நடேசன் பேசறேன். உன் ஊட்டுக்காரரு சாரத்துலேர்ந்து உயுந்துட்டாரு. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு வந்துகீறேன்."

"ராங் நம்பருங்க. என் வீட்டுக்காரர் கோர்ட்டுல வேலை பாக்குறாரு."

"அதே ஆளுதாம்மா. தண்ணி ஊத்துற மஸூத்து. கோர்ட்டுக்காரரா அவரு? நம்மகிட்ட சொல்லவே இல்லியே!"

கணுக்கால் முறிந்திருந்தது. முழங்கையில் தைத்திருந்த ஜல்லித் துணுக்குகளை டாக்டர் ஒவ்வொன்றாக எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டார். மஸூத் அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னான். வலியைவிட அவமானம்தான் அவன் முகத்தில் அதிகம் தெரிந்தது. ஷாகிதா திட்டவில்லை. போர்வையைச் சரிசெய்துவிட்டு, "எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டாள். சாயங்காலம் அவன் போனுக்கு ஐயாவிடமிருந்து மெசேஜ் வந்தது. "விரைவில் நலம் பெறவும். மோட்டார் ரூம் சாவி யாரிடம் இருக்கிறது?"

மறுநாள் நீதிமன்றத்தின் தலைமை எழுத்தர் சுலோசனா ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் தட்டச்சு செய்த ஒரு காகிதம். நீதிமன்றப் படிக்கட்டில் இறங்கும்போது கால் வழுக்கி விழுந்துவிட்டதாக மஸூத் எழுதிக் கொடுப்பது போல் தயாரித்திருந்தார்கள்.

"இதுல கையெழுத்து போட்டீங்கன்னா லீவு, ஆஸ்பத்திரி செலவு எல்லாம் முறையா கிடைச்சிடும் தம்பி" என்றார். "இல்லன்னா பாருங்க, அன்னைக்கு நீங்க கோர்ட்டுலதான் இருந்திருக்கீங்க. கோர்ட்டுல இருந்துகிட்டே குத்தம்பாக்கத்துல எப்படி விழுந்தீங்கன்னு ஆடிட்ல கேப்பாங்க."

மஸூத் பேனாவுக்குக் கை நீட்டினான். ஷாகிதா ஜல்லிக் கிண்ணத்தை எடுத்துச் சுலோசனா முன்னால் வைத்தாள்.

"மேடம், உங்க கோர்ட்டுப் படிக்கட்டை இன்னும் கட்டி முடிக்கலையா?"

சுலோசனா காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். அவர் மோசமான மனுஷி இல்லை. ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம்தான் பாக்கி. அந்த ஒரு வருஷத்துக்கு எதையும் பார்ப்பதில்லை என்று நேர்ந்துகொண்டவர், அவ்வளவுதான்.

ஷாகிதாவின் தெருவிலேயே லோகேஷ் என்றொரு இளம் வக்கீல் குடியிருந்தான். சாலையோரக் குழியிலிருந்து அண்டை நாட்டு எல்லை வரை எல்லாவற்றுக்கும் முகநூலில் வீரமாகக் கண்டனம் தெரிவிப்பவன். அவள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு எழுந்துபோய் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"மஸூத் அண்ணன் அரசு ஊழியர்க்கா. அவர் மேலிடத்துக்கு எழுதணும்னா அலுவலகத் தலைமை மூலமாத்தான் அனுப்பணும். அதான் முறை."

"அலுவலகத் தலைமை யாரு?"

"ஐயாதான்."

"அப்போ ஐயா மேல புகாரை ஐயாகிட்டயே குடுத்து, அவரே படிச்சுட்டு, 'நல்லா எழுதியிருக்கப்பா'ன்னு கையெழுத்து போட்டு மேல அனுப்புவாரு?"

"விதி அப்படித்தான்க்கா வருது. ஆனா நீங்க எழுதலாம். நீங்க பொதுமக்கள். உயர் நீதிமன்றத்துல இதுக்குன்னே கண்காணிப்புப் பிரிவு இருக்கு. அங்க அனுப்புங்க."

"நீயே எழுதிக் குடேன்."

"நாளைக்கு எனக்கு அவர் முன்னாடி ஒரு ஜாமீன் மனு இருக்குக்கா" என்றான் லோகேஷ். முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

ஷாகிதா தானே எழுதினாள். ஒன்பது பக்கம். அத்தனை வருஷமாகக் காதில் வாங்கியது எல்லாம் ஒரே மூச்சில் கைவழியாக வெளியே வந்தது. ஐயா கொடுங்கோலர், ஈவிரக்கம் இல்லாதவர், ஏழையின் வயிற்றில் அடிப்பவர், மறுமையில் பதில் சொல்லியாக வேண்டியவர். நடுவில் அவள் பெரியம்மா மகன் அமீரின் செக் மோசடி வழக்கு நினைவுக்கு வந்தது. அதில் ஐயா தப்பான தீர்ப்பு கொடுத்ததாக அமீர் சொல்வான். அதற்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கினாள். ஐயா லஞ்சம் வாங்குவதாக டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள் என்பதற்கு இன்னொரு பக்கம். மஸூத் தண்ணீர் ஊற்றிய விஷயம் ஏழாம் பக்கத்தில்தான் எட்டிப் பார்த்தது. பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு வந்தபோது உடம்பே லேசாகிப் பறப்பது போல் இருந்தது.

பதில் வந்தது. உறுதிமொழிப் பத்திரமும் சரிபார்க்கத்தக்க ஆதாரமும் இணைக்கப்படவில்லை. தீர்ப்பில் குறை இருந்தால் சம்பந்தப்பட்டவர் மேல்முறையீடு செய்துகொள்ளலாம். எனவே புகார் முடித்துவைக்கப்படுகிறது.

"பார்த்தியா, அவங்க எல்லாம் ஒண்ணு" என்றான் மஸூத், கட்டுப் போட்ட காலை நாற்காலியில் நீட்டியபடி. "நம்மளால இன்னா பண்ண முடியும்?"

ஷாகிதா கடிதத்தை இரண்டாம் முறை படித்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

"இன்னாத்துக்குச் சிரிக்கிற?"

"நானா இருந்தாலும் இதை மூடித்தான் இருப்பேன். 'மனவருத்தத்தைப் புரிந்துகொள்கிறோம்'னு ஒரு வரி சேர்த்திருப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம்."

அன்றைக்கே மஸூத்தின் போனை வாங்கி, ஐயாவுடைய வாட்ஸ்அப் உரையாடலைத் தொடக்கத்திலிருந்து படித்தாள். ஈரச் சுவர்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் இடம், தேதி, நேரம். எல்லாம் வேலை நாட்கள். கூடவே ஐயாவின் பதில்கள். நடுவில் ஒன்றைப் பார்த்து நிறுத்தினாள். "நாளை நீதிமன்றத்துக்கு வர வேண்டாம். தளம் போட்டிருக்கிறது. நேரே அங்கே போய்விடு."

ஆதாரம் தேடி அவள் எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. தம்முடைய ஊழியன் மேல் நம்பிக்கை இல்லாத ஐயாவே தமக்கு எதிரான சாட்சியத்தைத் தேதிவாரியாகத் தொகுத்து வைத்திருந்தார்.

இரண்டாவது புகார் ஒன்றரைப் பக்கம். என் கணவர் நீதிமன்ற ஊழியர். இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை நீதிபதியின் சொந்த வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டார். அதே நாட்களில் நீதிமன்றத்தில் இருந்ததாக வருகை பதியப்பட்டது. இன்ன தேதியில் அங்கே விழுந்து காலை முறித்துக்கொண்டார். நீதிமன்றப் படிக்கட்டில் விழுந்ததாக எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். படங்கள், செய்திகள், ஆஸ்பத்திரிக் காகிதம் இணைப்பு. விசாரிக்கக் கேட்டுக்கொள்கிறேன். அமீரின் செக்கும் டீக்கடை லஞ்சமும் காணாமல் போயிருந்தன. கொடுங்கோலரும் போய்விட்டார்.

மஸூத் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "அந்தாளு திமிரைப் பத்தி ஒரு வரி கூட இல்லியே?"

"திமிருக்குப் போட்டோ இருக்கா?"

அவன் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தான். "வேலை பூடும் ஷாகி. நீ எழுதினாலும் நான் சொல்லித்தான் எழுதினன்னு தெரிஞ்சுடும்."

"போகலாம். போகாதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன்." அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீங்க எதுலயும் கையெழுத்து போட வேணாம். எனக்குத் தெரிஞ்சதை நான் சத்தியம் பண்ணிக் குடுக்குறேன். நாளைக்கு யாராவது கூப்பிட்டுக் கேட்டா, நடந்ததைச் சொல்வீங்களா, படிக்கட்டுன்னு சொல்வீங்களா?"

மஸூத் கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தான். கீழே தெருவில் கறிகாய்க்காரன் கூவிக்கொண்டு போனான். அவன் குரல் அடங்கியபின், "கேட்டா நடந்ததைச் சொல்றேன்" என்றான்.

உறுதிமொழிப் பத்திரத்துக்கு நோட்டரி கையெழுத்து வேண்டும். நீதிமன்றத்துக்கு எதிரில் மேஜை போட்டிருந்த நோட்டரி முதல் பத்தியைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றி, அன்றைக்குக் கண் வலி என்று சொல்லிவிட்டார். இரண்டாமவருக்கு முத்திரை வீட்டில் இருந்தது. கடைசியில் கொரட்டூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒருவர் அகப்பட்டார். அவர் தாம் சான்றளிக்கிற எதையும் படித்துப் பார்க்கும் கெட்ட பழக்கம் இல்லாதவர். ஷாகிதாவின் அடையாள அட்டையைப் பார்த்தார், முத்திரை குத்தினார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

போன் செய்திகளைத் தாக்கல் செய்ய ஒரு சான்றிதழ் வேண்டுமாம். அதை லோகேஷ் எழுதிக் கொடுத்தான். யாருக்கும் தெரியாமல் வாசல் கிரில் வழியாக நீட்டி, "என் பேரு எங்கயும் வரக்கூடாதுக்கா" என்றான். வரவில்லை. இப்போதும் அவன் பெயரை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

புகார் பதிவுத் தபாலில் போயிற்று. அதன்பின் ஒரு சத்தமும் இல்லை. மஸூத் தாங்கித் தாங்கி வேலைக்குப் போனான். அவனைப் பழைய வழக்குக் கட்டுகள் அடுக்கியிருக்கும் அறையில் போட்டார்கள். வேலை எதுவும் கொடுக்கவில்லை. உட்கார நாற்காலியும் கொடுக்கவில்லை. கூட வேலை பார்த்தவர்கள் அவனைக் கண்டதும் அவசரமாகக் கழிவறைக்குப் போனார்கள். ஷாகிதா வாரம் ஒருமுறை தபால் எண்ணைப் போட்டு நிலவரம் பார்ப்பாள். போய்ச் சேர்ந்துவிட்டது என்பதைத் தவிர அதற்கு வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சுலோசனா ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். புகார் உயிரோடு இருக்கிறது என்று ஷாகிதாவுக்கு அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பார்த்துத்தான் தெரிந்தது.

"ஐயா ரொம்ப மனசு ஒடிஞ்சுட்டாரும்மா. மஸூத்தைத் தன் பிள்ளை மாதிரி நினைச்சாராம்."

"அவர் பிள்ளை எங்க மேடம் இருக்காரு?"

"ஆஸ்திரேலியாவுல படிக்குது."

"சரிதான். அதான் சுவருக்குத் தண்ணி ஊத்த ஆள் இல்லாம போச்சு."

சுலோசனாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். "தப்பா புரிஞ்சுக்கிட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடும்மா. பெரிய இடம். நமக்கெதுக்கு?"

"டீ சாப்பிட்டுப் போங்க மேடம்" என்றாள் ஷாகிதா. டீ கொடுத்தாள். வரி கொடுக்கவில்லை.

விசாரணைக்கு மூத்த நீதிபதி ஒருவரை நியமித்திருந்தார்கள். ஒரு பெண். குரலில் கோபமும் இல்லை, கனிவும் இல்லை. ஷாகிதா தன் காகிதங்களை ஒழுங்காக அடுக்கிக் கொண்டுபோயிருந்தாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். ஐயா லஞ்சம் வாங்குவாரா என்று கேட்டதற்கு, "எனக்குத் தெரியாதுங்க" என்றாள். அந்த இடத்தில் விசாரணை அதிகாரி முதன்முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

மேஸ்திரி நடேசன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். "கூலி ஆளுன்னுதான் மேடம் நெனச்சேன். ஆனா சனிக்கெழமை சம்பளம் போடும்போது எங்கிட்ட வரவே மாட்டான். இன்னாடா இது, துட்டு வாணாங்குற கூலி ஆளுன்னு எனக்கு அப்பவே டவுட்டு வந்துச்சு."

சுலோசனாவுக்கு எதுவும் நினைவில்லை. வருகைப் பதிவேடு, ஆஸ்பத்திரி, தட்டச்சு செய்த காகிதம், ஒன்றுமே நினைவில்லை. தமது பெயரை மட்டும் தயங்காமல் சொன்னார்.

மஸூத் உள்ளே போனபோது ஷாகிதா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அவன் வெகுநேரம் கழித்து வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"சொல்லிட்டேன்" என்றான். "ஐயா எதிர்லயே உக்காந்துகினு இருந்தாரு. கட்டட வேலை மேல எனக்கு ஆசை, லீவு நாள்ல நானாத்தான் வந்து ஊத்தினேன்னு எழுதிக் குடுத்திருக்காரு. அந்தம்மா அதை வாங்கிப் படிச்சாங்க. 'நாளை நீதிமன்றத்துக்கு வர வேண்டாம்'னு அனுப்பினாரே, அந்த மெசேஜை அவர்கிட்டயே குடுத்து, கொஞ்சம் சத்தமா படிங்கன்னாங்க."

"படிச்சாரா?"

"கண்ணாடி கொண்டு வரலன்னாரு."

சில மாதங்கள் கழித்து ஷாகிதாவுக்குக் கடிதம் வந்தது. தங்கள் புகாரின் மீது உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது. என்ன நடவடிக்கை என்று அதில் இல்லை. சம்பள உயர்வை நிறுத்தினார்கள் என்றான் லோகேஷ். வெறும் எச்சரிக்கைதான் என்றார் டீக்கடைக்காரர். ஐயா தெற்கே தூரத்து ஊர் ஒன்றுக்கு மாற்றப்பட்டார் என்பது மட்டும் உறுதி. அங்கே அவருக்கு இன்னொரு அலுவலக உதவியாளர் இருக்கத்தான் செய்வார். குத்தம்பாக்கத்து வீடு முடிந்து, நல்ல வாடகைக்குப் போயிருக்கிறது. மஸூத்தின் ஆஸ்பத்திரிச் செலவு இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

இதற்கிடையில் ஷாகிதாவின் வீட்டு வாசலில் கூட்டம் சேர ஆரம்பித்தது. முதலில் அமீர் வந்தான். "என் செக்கு கேஸுக்கும் ஒண்ணு எழுதிக் குடு ஷாகிதா, அந்தாளை விடவே கூடாது." பிறகு பாகப்பிரிவினையில் தோற்றவர், விவாகரத்து கிடைத்தவர், கிடைக்காதவர். அவள் எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்டாள். "தீர்ப்பு பிடிக்கலையா, இல்ல ஜட்ஜு நடந்துக்கிட்டது சரியில்லையா?" தீர்ப்பு என்றவர்களை லோகேஷ் வீட்டுக்கு அனுப்பினாள். அமீர் கோபித்துக்கொண்டு ரமலானுக்குக் கஞ்சி கூட அனுப்பவில்லை. ஒரே ஒரு அம்மா மட்டும், விசாரணையின்போது தன்னை எல்லோர் முன்னாலும் அசிங்கமாகப் பேசினார்கள் என்றாள். ஷாகிதா அவளுக்கு நாற்காலி போட்டு, "எந்தத் தேதிம்மா? யார் யார் கூட இருந்தாங்க?" என்று ஆரம்பித்தாள். அது வேறு கதை.

புதிதாக வந்த நீதிபதி மஸூத்தைக் கட்டறையிலிருந்து கூப்பிட்டு, வழக்கு வரும்போது பெயர் சொல்லி அழைக்கும் வேலையைக் கொடுத்தார். ஷாகிதா ஒரு நாள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, அவனிடம் சொல்லாமல் போய், வராந்தாவில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றாள். வெள்ளைச் சீருடையில், காலை லேசாக இழுத்தபடி அவன் வாசலுக்கு வந்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"உதயகுமார்! உதயகுமார்! உதயகுமார்!"

அந்தக் குரல் வாசல் டீக்கடை வரை போயிற்று. வீட்டில், சாப்பாட்டுக்கு உப்பு போதவில்லை என்பதைக்கூட முணுமுணுத்துச் சொல்கிற மனுஷன். உதயகுமார் யாரோ, வரவில்லை. மஸூத் உள்ளே திரும்பியபோது அவளைப் பார்த்துவிட்டான். சிரிக்கக்கூடாத இடம் என்பதால் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, அடுத்த பெயரை இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டான்.